காலஞ்சென்ற திரு. ஓ. மூட்டம்

மாரிச்சாமிக்கு வரவேண்டிய பணம் ஆயிரத்து எழுநூத்தி இருபத்திநாலு ரூபாய் எண்பது பைசா. அதை ஒருத்தரும் திருடவில்லை. தரமாட்டேன் என்று ஒருத்தரும் சொல்லவுமில்லை. சர்க்கார் ஆபீஸில் பத்திரமாக இருந்தது. அதுதான் வினை. திருட்டுப்போன பணமென்றால் என்றைக்காவது ஆள் பிடிபட்டுத் திரும்பி வரும். பத்திரமாக இருக்கிற பணம் வராது.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பரளச்சிக்குத் தெற்கே மாரிச்சாமிக்கு ரெண்டு ஏக்கர் கரிசல் உண்டு. அவன் அப்பா அய்யாவு கல் பொறுக்கி, வரப்புப் போட்டு விட்டுப்போன நிலம். மழை பெய்தால் பருத்தி, கம்பு. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். பெய்யாத வருசமே ஜாஸ்தி என்பதால் மாரிச்சாமி பாதி வெள்ளாமை பார்க்கிற சம்சாரி, பாதி கரிக்காரன். கருவேல மரத்தை வெட்டிக் கூம்பாக அடுக்கி, மேலே செத்தை போட்டு, மண்ணால் மெழுகி, உள்ளே தீயை வைத்து, எட்டு நாள் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் கிடந்தால் விறகு கரியாகும். இதற்குப் பேர் மூட்டம். அவன் மூட்டம் போடுகிற இடத்தில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது.

அந்தக் கரியை வாங்கினவர் அருப்புக்கோட்டை சங்கரலிங்கம் அண்ணாச்சி. கரி யாவாரத்தில் ஒரு வழக்கம். பேரேட்டில் ஆள் பேர் எழுத மாட்டார்கள், மூட்டத்தின் பேரைத்தான் எழுதுவார்கள். ஒரே மூட்டத்தில் இன்றைக்கு மாரிச்சாமி நிற்பான், நாளைக்கு அவன் மச்சான் நிற்பான். ஆள் மாறும், இடம் மாறாது. கரியில் கல் கிடந்தால் 'எந்த மூட்டத்துக் கரிலே இது?' என்றுதான் கேட்பார்கள். ஆகவே அண்ணாச்சி பேரேட்டில் மாரிச்சாமி என்று ஒருத்தன் கிடையாது. 'ஒத்தப்பனை மூட்டம்' என்று ஒரு பக்கம் இருந்தது. எண்பத்திநாலாம் வருசம் அந்தப் பக்கத்தில் நாலாயிரத்து முந்நூத்திப் பன்னிரண்டு ரூபாய் பாக்கி நின்றபோது அண்ணாச்சி மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார். அதாவது, 'கடனைக் கட்ட என்னால் ஏலாது, இருக்கிறதை எடுத்துப் பங்கு போட்டுக்கோங்க' என்று கோர்ட்டில் கையைத் தூக்கிவிட்டார்.

அண்ணாச்சி கையைத் தூக்கினால் மாரிச்சாமியும் தூக்க முடியுமா? மரம் வெட்டின ஆட்கள் கூலி கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரெண்டு ஏக்கரையும் உள்ளூர்க்காரர் வெள்ளத்துரையிடம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஒத்தி வைத்துக் கூலியைக் கொடுத்தான். பத்து வருசக் கெடு. தொண்ணூத்திநாலு பங்குனி முடிவதற்குள் மீட்காவிட்டால் நிலம் வெள்ளத்துரைக்கே கிரயம் என்று பத்திரம். அன்றையிலிருந்து மாரிச்சாமியும் அவன் பெண்டாட்டி சந்தனம்மாளும் சொந்த நிலத்தைப் பக்கத்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுக் கூலிக்குப் போனார்கள்.

அண்ணாச்சி குடோனையும் தராசையும் கோர்ட்டு விற்றது. கடன்காரர்கள் கூடி, ரூபாய்க்கு நாற்பது பைசா வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். எல்லாருக்கும் கடுதாசி போயிற்று. 'திரு. ஒத்தப்பனை மூட்டம், பரளச்சி வழி' என்று போட்ட கடுதாசி மட்டும் 'அப்படி ஒரு ஆள் இல்லை' என்று தபால்காரர் எழுத்தோடு திரும்பிவிட்டது. மாரிச்சாமி அப்போது கமுதிப் பக்கம் கரி சுடப் போயிருந்தான். அந்தப் பணம் ஜில்லா டவுனில் இருக்கிற 'கேட்பாரற்ற தொகைப் பாதுகாப்புப் பிரிவு'க்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கு முடிந்தது, ஏற்பாடும் முடிந்தது, அண்ணாச்சி கடன் இல்லாத மனுசனாக வெளியே வந்து இன்னொருத்தர் வத்தல் கடையில் கணக்கெழுதப் போனார்.

தொண்ணூத்திரண்டு சித்திரையில் ஒரு நாள் அண்ணாச்சி பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து மாரிச்சாமி வீட்டுக்கு வந்தார்.

"மாரி, ஒம் பணம் உசுரோட இருக்குலே! ஆபீஸ் போர்டுல ஒட்டிருக்கான். நீ அப்பமே வாங்கிருப்பன்னுல்ல நெனச்சேன்."

"எம்புட்டு அண்ணாச்சி?"

அண்ணாச்சி தொகையைச் சொன்னார். சந்தனம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒத்தி மீட்டுறலாம்!" என்றாள். அந்த ஒன்றைத்தான் எட்டு வருசமாக மனசில் வைத்திருந்தாள்.

மறுநாள் அண்ணாச்சியும் மாரிச்சாமியும் பாலவனத்தம் வழி பஸ்ஸில் ஜில்லா டவுனுக்குப் போனார்கள். பிரிவின் சூப்பிரண்டு தங்கபாண்டியன். நெற்றியில் திருநீறு, மேசையில் பச்சை மசிப் பேனா, தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம். அண்ணாச்சி விசயத்தைச் சொன்னார். சூப்பிரண்டு சந்தோசமாகக் கேட்டார். அந்த ஆபீஸுக்கு மனுசர் வந்து வெகு நாள் ஆகிவிட்டது போல.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடும்," என்றார் மாரிச்சாமியைப் பார்த்து. "எல்லாரும் நினைக்கிறாங்க, இந்தப் பிரிவு பணத்தைக் குடுக்கிறதுக்குன்னு. இல்ல. காப்பாத்துறதுக்கு. திருடன்கிட்டருந்து காப்பாத்தப் போலீஸ் இருக்கு. நாங்க உரிமைக்காரங்ககிட்டருந்து காப்பாத்துறோம். பதினாலு வருசத்துல ஒரு பைசா வெளிய போனதில்ல. அதுக்குத்தான் அந்தப் பத்திரம்."

"அப்பம் யாருக்குத்தான்யா குடுப்பீக?" என்றான் மாரிச்சாமி.

"கேட்பாரற்ற தொகைய யாராவது கேட்டுட்டா அது கேட்பாரற்ற தொகை இல்லையே. அப்புறம் அது இந்தப் பிரிவுல இருக்கக் கூடாது. இருக்கக் கூடாத தொகைய நான் எந்த விதியில எடுத்துக் குடுப்பேன்? யோசிச்சுப் பாரும்."

மாரிச்சாமி யோசித்துப் பார்த்தான். தலை சுற்றியது.

ஆனால் சூப்பிரண்டு கெட்டவர் இல்லை. ஒரு வழி சொன்னார். மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை அழைப்பு நாள். பட்டியலில் இருக்கிற பேரை வராந்தாவில் மூன்று தடவை கூப்பிடுவார்கள். பேருக்குரியவர் 'ஆஜர்' என்று சொல்லி அடையாளத்தை நிரூபித்தால் மேற்கொண்டு ஆலோசிக்கலாம்.

அடுத்த செவ்வாய் மாரிச்சாமி குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் வராந்தாவில் நின்றான். டவாலி போட்ட பியூன் வெளியே வந்து, எதிரே வேப்பமரத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஒத்தப்பனை மகன் மூட்டம்! ஒத்தப்பனை மகன் மூட்டம்! ஒத்தப்பனை மகன் மூட்டம் ஆஜரா?"

"இந்தா இருக்கேங்க," என்றான் மாரிச்சாமி.

"ஒம் பேரென்ன?"

"மாரிச்சாமி."

"அப்பம் சும்மா நில்லு. மூட்டத்தத்தான கூப்பிடுறோம்." பியூன் நோட்டில் 'ஆஜரில்லை' என்று எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஒத்தப்பனை எப்போது மூட்டத்துக்கு அப்பன் ஆனது என்றால், ரெண்டு சொல்லில் பேர் இருந்தால் முதல் சொல் தகப்பன் பேர் என்று அந்த ஆபீஸில் ஒரு விதி. அதன்படி பதிவேட்டில் அவர் திரு. ஓ. மூட்டம். ஆண். தொழில், கரி. இப்படிப் பதினோரு செவ்வாய்க்கிழமை பியூன் கூப்பிட்டான். பதினோரு தடவை மாரிச்சாமி பக்கத்திலேயே நின்றான். பஸ் சார்ஜும் டீச்செலவும் தடவைக்கு ஆறு ரூபாய், கூலி போனது தனி. போகப் போக அந்தப் பியூனுக்கே வெட்கமாகி, கூப்பிடும்போது மாரிச்சாமி முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

பன்னிரண்டாவது மாதம் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. வத்தல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, சூப்பிரண்டு முன்னால் கைகூப்பி நின்றார்.

"ஐயா, அந்தப் பேரேடு எங் கையெழுத்து. ஒத்தப்பனை மூட்டம்னு எழுதுனது நானு. இந்த மாரிச்சாமிக்குத்தான் நான் குடுக்கணும். கடன் வாங்குனவனே சொல்றேன், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சூப்பிரண்டு பேனாவை மூடி வைத்தார். "சங்கரலிங்கம், நீர் ரொம்ப மரியாதப்பட்டவரு. ஆனா திவாலானவரு. உம்ம பேரேடு செல்லும், கோர்ட்டு முத்திரை இருக்கு. நீர் செல்ல மாட்டீர். உம்ம மேல முத்திரை இல்லையே."

"நான் எழுதுன எழுத்து செல்லும், நான் செல்ல மாட்டனா?"

"எழுத்து பொய் சொல்லாதுல்ல."

அண்ணாச்சி வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சக் கடுதாசி கொடுத்த அன்றைக்குக்கூட அவர் அழுததில்லை. அன்றைக்கு அழுதார். "ஒரு ஆளுக்காவது முழுசாக் குடுக்கணும்னு கெடந்தேன் மாரி," என்றார். மாரிச்சாமி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான். வேறு என்ன செய்ய? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே படியில் உட்கார்ந்து அழுகிறது.

இதற்குள் பங்குனிக்கு ஒரு வருசம்தான் மீதி. சந்தனம்மாள் புலம்பிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் அவளே புறப்பட்டுவந்து சூப்பிரண்டு மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "மூட்டம்னா கரி சுடுற மூட்டம்னு இந்த மனுசருக்குத் தெரியாதா? இவரு எந்தச் சீமையில பொறந்தாரு?"

சூப்பிரண்டுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "எனக்குத் தெரியாதாம்மா? நான் திருச்சுழிக்காரன். எங்க சித்தப்பாவே மூட்டம் போட்டவருதான். எனக்குத் தெரியும், இந்த டைப்பிஸ்டு ஜெகதீஸ்வரிக்குத் தெரியும், பியூனுக்குத் தெரியும். பைலுக்குத் தெரியலையே, நான் என்ன செய்ய? பைலுல அவரு ஆளு. நாலு அதிகாரி கையெழுத்துப் போட்டு ஆளாக்கிருக்காங்க. இப்பம் போய் அவரு ஆளில்ல, கரிக்குமியல்னு நான் எழுதுனா, அந்த நாலு பேரும் முட்டாளுன்னு எழுதுன மாதிரி. அதுல ரெண்டு பேரு இப்பம் எனக்கு மேலதிகாரி."

பிறகு குரலை இறக்கினார். "ஏதோ பொம்பள வந்து உக்காந்துட்ட. ஒரு வழி சொல்றேன். ஏழு வருசமா ஒரு ஆளப் பத்தித் தகவல் இல்லாட்டி, அவர் இறந்ததா எடுத்துக்கலாம். மூட்டத்தப் பத்திக் கடைசித் தகவல் எண்பத்திநாலு. இறப்பு விசாரண வச்சுருவோம். அவரு செத்துட்டா வாரிசு வாங்கிக்கலாம். ஆளு மாறுனதாவும் இருக்காது, யாரும் முட்டாளாவும் ஆக வேண்டாம்."

விசாரணை அடுத்த வாரமே நடந்தது. ஜெகதீஸ்வரி டைப் மிஷினில் தாளைச் சொருகினாள். சந்தனம்மாள் பக்கத்தில் நிற்க, 'உண்மையைத்தான் சொல்லணும்' என்று சூப்பிரண்டு மாரிச்சாமியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"மூட்டத்துக்குக் கடைசியா என்ன ஆச்சு?"

"எட்டு நாளு எரிஞ்சுச்சுங்க."

"எட்டு நாள் கடுங்காய்ச்சல்னு அடிம்மா. அப்புறம்?"

"பொக வெள்ளையா வந்துச்சு, பெறகு நீலமாச்சு."

"மூச்சு மாறுச்சு. சரி. பக்கத்துல யாரு இருந்தா?"

"நானும் இவளுந்தான். மாத்தி மாத்திக் கண்ணு முழிச்சோம்."

"நல்லாப் பராமரிச்சிருக்கீரு. போடும்மா அத. கடைசியில?"

"தண்ணி ஊத்துனோம். அணையணும்ல."

"வாயில தண்ணி ஊத்தி அடங்குனது. அப்புறம் உடலு?"

மாரிச்சாமி தயங்கினான். சத்தியம் பண்ணியாயிற்றே. "சாக்குல அள்ளிக்கட்டி லாரியில லோடு ஏத்திட்டோம்ங்க. அறுபத்திரண்டு சாக்கு."

ஜெகதீஸ்வரி விரலை எடுத்துவிட்டுச் சூப்பிரண்டைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடி யோசித்தார். "உடல் வெளியூர் கொண்டுசெல்லப்பட்டதுன்னு அடி. சாக்கு எண்ணிக்கை வேண்டாம்."

அப்படியாக மூட்டம் செத்தார். பத்திரிகையில் ஒரு மூலையில் விளம்பரம் வந்தது. காலஞ்சென்ற திரு. ஓ. மூட்டம் அவர்களின் வாரிசுதாரர்கள் முப்பது நாளைக்குள் வரவேண்டும். வாரிசு என்றால் மகன். மச்சான், கூட்டாளி, கரி சுட்டவன் இதெல்லாம் வாரிசில் சேராது என்று சூப்பிரண்டு புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். மாரிச்சாமி மூட்டத்துக்கு மகன் என்று வி.ஏ.ஓ. விசாரித்து எழுதவேண்டும், ஊர்க்காரர்கள் ஐந்து பேர் சாட்சிக் கைநாட்டு வைக்கவேண்டும், அதில் ஒருத்தர் நெருங்கின ரத்த சொந்தமாக இருக்கவேண்டும்.

அன்றைக்கு மாரிச்சாமி வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. "எங்கப்பன் பேரு அய்யாவுடீ. அத எப்பிடி மாத்திச் சொல்ல? கல்லு பொறுக்கிப் பொறுக்கி அந்தாளு வெரலே கோணிப் போச்சு."

"அந்தாளு கல்லு பொறுக்குன நெலம்தான போகப் போகுது?" என்றாள் சந்தனம்மாள். "பேரு இருந்து என்னத்துக்கு? மாமா உசுரோட இருந்தா, 'போடா, எவன் பேரயாச்சும் போட்டு நெலத்த மீளு'ன்னு அவுகளே சொல்வாக. போயிக் கையெழுத்தப் போட்டுட்டு வாங்க." சொல்லிவிட்டு அவளும் சாப்பிடவில்லை.

ரத்த சொந்தம் என்றால் தாய்மாமன் நல்லமுத்து ஒருத்தர்தான் மிச்சம். பாரத்தை வாசித்துக் காட்டினதும் கிழவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். ஏனென்றால் அதில் 'இறந்தவரின் மனைவி' என்று ஒரு கட்டம் இருந்தது. மகன் இருந்தால் மகனைப் பெற்றவள் வேண்டுமே. அந்தக் கட்டத்தில் மாரிச்சாமியின் ஆத்தா தங்கத்தாய் பேரை ஜெகதீஸ்வரி அழகாக டைப் அடித்துக் கொடுத்திருந்தாள்.

"ஏலே, எந் தங்கச்சிய ஒரு கரிமூட்டத்துக்குக் கட்டிக் குடுத்தேன்னு நான் கைநாட்டு வைக்கணுமா? நாப்பது பவுன் கேட்டவனுக்கெல்லாம் குடுக்காம, நல்ல மனுசன்னு அய்யாவுக்குக் குடுத்தவன்டா நானு!"

"மாமா, வெறும் காயிதம் மாமா. நெலம் வந்துரும்."

நல்லமுத்து எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "செத்தவ கோவிச்சுக்கிற மாட்டா. நெலம் மீளட்டும்," என்று சொல்லிக் கட்டை விரலை நீட்டினார். மற்ற நாலு பேரும் மாரிச்சாமியோடு மரம் வெட்டின கூட்டாளிகள். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காமல் கைநாட்டு வைத்தார்கள். வி.ஏ.ஓ. மட்டும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அவரும் நல்லவர்தான், நூறு கேட்டு ஐம்பதுக்கு இறங்கினார்.

தொண்ணூத்திநாலு பங்குனி மூணாவது வாரத்தில் பணம் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். விழா வைத்தார்கள். பிரிவு ஆரம்பித்ததிலிருந்து முதல் பட்டுவாடா என்பதால் மேலதிகாரி வந்தார், மாலை வந்தது, மைக் செட் வந்தது. முதல் நிகழ்ச்சி, காலஞ்சென்ற மூட்டம் அவர்களுக்கு ரெண்டு நிமிச மௌன அஞ்சலி. எல்லாரும் எழுந்து தலையைக் குனிந்து நின்றார்கள். மாரிச்சாமியும் நின்றான். அவனுக்கு அப்பா அய்யாவு நினைவுதான் வந்தது. அவர் செத்தபோது இத்தனை பேர் எழுந்து நிற்கவில்லை.

சூப்பிரண்டு மைக்கைப் பிடித்தார். "மூட்டம் அவர்கள் ஓர் எளிய கரித்தொழிலாளி. படிப்பில்லை, வசதியில்லை. ஆனாலும் இந்தச் சர்க்காரை நம்பினார். கடைசி மூச்சு வரை ஒரு தடவைகூட வந்து தன் பணத்தைக் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. அப்படிப்பட்ட குடிமக்களை நம்பித்தான் இந்தப் பிரிவு நடக்கிறது. எல்லாரும் அவரைப் போல இருக்கவேண்டும். இன்றைக்கு இந்தத் தொகை வெளியே போவதால் எங்கள் இருப்புக் குறைகிறது, ஒரு குமாஸ்தா பதவியும் போகிறது. அந்தத் தியாகத்தை மூட்டத்தின் மகன் மறக்கக் கூடாது."

கை தட்டினார்கள். மாரிச்சாமியும் தட்டினான், பக்கத்தில் எல்லாரும் தட்டினதால்.

கவரைப் பிரித்துப் பார்த்தால் விளம்பரச் செலவு நூத்தி நாற்பது, ஏழு வருசக் காப்புக் கட்டணம் நூத்தி நாற்பது, மாலை மைக் செட் வகை முப்பத்தாறு எண்பது கழித்து, ஆயிரத்து நானூத்தி எட்டு ரூபாய் இருந்தது. அண்ணாச்சி மடியை அவிழ்த்துத் தொண்ணூத்தி ரெண்டு ரூபாயை எண்ணி அவன் கையில் வைத்தார். "வட்டின்னு நெனைக்காத மாரி. வெக்கத்துக்குக் குடுக்கிறேன்." சரியாக ஆயிரத்தைந்நூறு ஆயிற்று.

பங்குனி இருபத்தொன்பது. கெடுவுக்கு முந்தின நாள். மாரிச்சாமி பணத்தை மஞ்சள் பையில் வைத்து, சந்தனம்மாளையும் கூட்டிக்கொண்டு வெள்ளத்துரை வீட்டுக்குப் போனான். வெள்ளத்துரை மரியாதையாக உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தார். பணத்தைத் தொடவில்லை. உள்ளே போய் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துவந்தார். விழா முடிந்த கையோடு தாலுகா ஆபீஸுக்கும் கிராமத்துக்கும் பிரிவு அனுப்பின நகல். 'தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்' என்று மேலே போட்டிருந்தது.

"ஒத்தி எழுதிக் குடுத்தது அய்யாவு மகன் மாரிச்சாமி," என்றார் வெள்ளத்துரை. "நீ மூட்டம் மகன் மாரிச்சாமி. சர்க்காரு முத்திரையே போட்டிருக்கு. வேற ஒருத்தன் நெலத்த ஒன்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு, நாளைக்கு அய்யாவு மகன் வந்து கேட்டா நான் எங்கிட்டுப் போவேன்? அவனக் கூட்டிட்டு வா. இந்தா, நாளைக்குப் பொழுது சாயிற வரைக்கும் நேரம் கெடக்கு."

"ஏன்யா, இது ஒங்களுக்கே ஞாயமாத் தெரியுதா?" என்று சந்தனம்மாள் கத்தினாள். "எங்க மாமனாரு கையால கஞ்சி வாங்கிக் குடிச்ச ஆளுதான நீங்க?"

"குடிச்சேன்மா. நான் குடிச்சதுக்குக் காயிதம் இருக்கா?"

ஓடினார்கள் வி.ஏ.ஓ.விடம். ஊரே கூடிவிட்டது. மாரிச்சாமி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். "ஐயா, நான் அய்யாவு மகன்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒங்களுக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும்."

வி.ஏ.ஓ. தலையைச் சொறிந்தார். "தெரியும்பா. ஆனா நாலு மாசத்துக்கு முந்தி நாந்தான ஒன்ன மூட்டம் மகன்னு விசாரிச்சு எழுதுனேன்? இப்பம் மாத்தி எழுதுனா அன்னைக்கு எழுதுனது பொய். பொய்னா எனக்கு வேல போகும். சர்க்காருப் பணத்தப் பொய் சொல்லி வாங்குனதுக்கு ஒனக்கு ஜெயிலு. சாட்சிக் கைநாட்டு வச்ச அஞ்சு பேருக்கும் ஜெயிலு. எனக்கென்ன, அந்த அஞ்சு பேரும் வந்து பொய்னு சொல்லட்டும், எழுதிருதேன்."

கூட்டாளிகள் நாலு பேரும் கூட்டத்தில்தான் நின்றார்கள். ஒருத்தன் இடுப்பில் கைப்பிள்ளை இருந்தது. ஒருத்தன் பெண்டாட்டி நிறைமாதம். அவர்கள் மாரிச்சாமியைப் பார்க்கவில்லை, நல்லமுத்துவைப் பார்த்தார்கள். கிழவர் என்ன சொல்கிறாரோ அதுதான் எல்லாருக்கும்.

"நல்லமுத்து, முன்னால வாரும்," என்றார் வி.ஏ.ஓ. "ரத்த சொந்தம் நீருதான். ஒரே கேள்வி. உம்ம தங்கச்சி தங்கத்தாயக் கட்டுனது யாரு?"

"மாமா," என்றான் மாரிச்சாமி. "மாமா, எங்கப்பா பேரச் சொல்லுங்க மாமா."

நல்லமுத்துவுக்கு வாய் கோணியது. அய்யாவுக்கும் தங்கத்தாய்க்கும் மாலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அய்யாவுக்குப் பாடை கட்டினவரும் அவர்தான். கூட்டத்தில் அந்தக் கைப்பிள்ளை சிணுங்கியது. கிழவர் அதைப் பார்த்தார், நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார், பிறகு கீழே குனிந்துகொண்டார்.

"மூட்டந்தான்," என்றார். "எந் தங்கச்சியக் கட்டுனது மூட்டந்தான்."

வி.ஏ.ஓ. அதை எழுதி, ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டி, மைப்பெட்டியை நீட்டினார். மாமன் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமலே, "ஏ ஆத்தா, தங்கத்தாயி, என்னய மன்னிச்சுரு தாயி" என்று பிள்ளை மாதிரி அழுதார். அந்தக் காகிதம் நனைந்துவிடக் கூடாதென்று வி.ஏ.ஓ. அதை மெதுவாக அவர் கைக்கடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டார்.